பெண் கொடுத்துப் பெண் எடுத்த சீசன்

ஜனவரி 5, ஞாயிறு

தோற்றோம். நான்குக்குப் பூஜ்யம்.

இந்த டைரி சங்கரபாண்டி அண்ணாச்சி புத்தாண்டுக்குக் கொடுத்தது. எங்கள் கிளப்பின் செயலாளர் அவர். கோவில்பட்டி பஜாரில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கிறார், டைரி அட்டையில் அவர் கடைப் பெயர்தான் சாமி படத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. வருஷா வருஷம் கொடுப்பார். நானும் பொங்கல் வரை எழுதிவிட்டுக் கோலம் போட்டுப் பழக ஒதுக்கிவிடுவேன். இந்த வருஷம் விடாமல் எழுதப் போகிறேன். யாரிடமாவது கத்தாவிட்டால் தலை வெடித்துவிடும். வீட்டில் இவர், வேன் ஓட்டுகிற சத்தத்திலேயே காது போய்விட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்.

மின்னல் மகளிர் ஹாக்கி கிளப்பாம். பெயரைப் பார். நாலு மாட்ச் ஆடி நாலும் தோல்வி. பத்து அணிகள் ஆடுகிற லீக்கில் கடைசி. கடைசியாக நிற்கிற அணி அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அங்கே செயற்கைப் புல்தரை கிடையாது, மண் மைதானம். வேலைக்கு ஆள் எடுக்க வருகிற ரயில்வேக்காரர்களும் போலீஸ்காரர்களும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த வேலையை நம்பித்தான் இந்தப் பிள்ளைகள் வெயிலில் நாயாய் ஓடுகின்றன.

கோல்கீப்பர் சாந்தி நின்றபடியே தூங்குகிறாள். வலது பக்கம் ஆடுகிற வேலுத்தாய்க்கு நினைப்பு மைதானத்திலேயே இல்லை. முன்னால் கோல் போட ஆள் கிடையாது. நாலு கோலும் நடுவழியாகத்தான் வந்தன. பக்கத்தில் நிற்பவர்கள் ஓடி வந்து அடைக்க வேண்டாமா? நடுவில் செண்டர் ஹாஃப் நான். பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் கொடுக்க வேண்டும், எதிராளியையும் தடுக்க வேண்டும். பயிற்சியாளரும் நானே. நான் ஒருத்தி எத்தனை பேரைத்தான் பிடிப்பேன்.

முழங்காலில் ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்கு முன் புல்தரையில் தண்ணீர் சரியாகத் தெளிக்கவில்லை, அதனால் கொஞ்சம் இழுத்தது.

ஜனவரி 7, செவ்வாய்

லாரி புக்கிங் ஆபீஸில் இன்று சரக்கு குறைவு. அண்ணாச்சி நேரே என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"புஷ்பம், இப்படியே போனா கிளப்ப மூடிட்டு நாம கபடி ஆடப் போயிறலாம். வெளியூர்ல இருந்து ஒரு புள்ளையக் கொண்டுவா. பரிமாத்தம் இந்த மாசம் முடியத்தான் உண்டு."

விதிப்படி அதற்குப் பெயர் வீராங்கனைப் பரிமாற்றம். ஒரு அணி ஒருத்தியைக் கொடுத்து இன்னொரு அணியிலிருந்து ஒருத்தியை எடுக்கலாம். மைதானத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறது என்பார்கள். கல்யாணத்தில் இருக்கிற அதே கூத்து இதிலும் உண்டு. இங்கே வந்தவள் பிடிக்காமல் திரும்பிப் போனால், அங்கே போனவளும் திரும்பி வந்தாக வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் இதுவரை எந்தக் கிளப்பும் மீறியதில்லை, மீறினால் அடுத்த வருஷம் யாரும் சம்பந்தம் பேச வரமாட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன்.

"எதுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல்? இருக்க சின்னப்புள்ளைகளையே ஆட விடேன். ரெண்டு வருசம் தோத்தா தோத்துட்டுப் போவுது. மூணாவது வருசம் அதுக பின்னுங்க."

ரெண்டு வருஷமாம். வாயால் சொல்லிவிடலாம். ரெண்டு வருஷத்தில் எனக்கு முப்பத்தொன்பது முடிந்து...

ரசம் ஆறிவிட்டது என்று எழுந்து போய்விட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

தைலம் தீர்ந்துவிட்டது. வாங்கி வரச் சொன்னேன். "இப்பத்தான வாங்குனேன்" என்கிறார். பாட்டில் சின்னது.

ஜனவரி 12, ஞாயிறு

மூன்றுக்கு ஒன்று. தோல்விதான். ஆனால் ஒரு கோல் போட்டிருக்கிறோம், இந்த சீசனில் முதல் கோல்.

போட்டது வேலுத்தாய். அதற்காகக் கொஞ்ச முடியுமா? அவள் நிற்க வேண்டியது வலது ஓரம். எனக்கு வந்த பந்தை, நான் எட்டுவதற்குள் குறுக்கே புகுந்து எடுத்து, மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய் அடித்தாள். இடைவேளையில் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"உன் இடம் எதுட்டி?"

"வலது பக்கம் அக்கா."

"அப்ப நடுவுல என்ன சோலி?"

"பந்து அங்கதான் கெடந்துச்சு அக்கா."

பதினெட்டு வயதில் எனக்கும் இப்படி வாய் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள், ஆனாலும் எனக்கு எரிந்தது. இரண்டாம் பாதி முழுக்க ஓரத்திலேயே நின்றாள். பந்து அவள் பக்கம் போகவே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. வீட்டைக் கழுவி, பரணைத் துடைத்து, பழைய பாயை எரித்து, இடுப்பு ஒடிந்துவிட்டது. படி ஏறி இறங்கியதில் காலும்.

மத்தியானம் எஸ்தருக்கு போன் போட்டேன். பாளையங்கோட்டை பொருநை அணியின் பயிற்சியாளர். ஒரு காலத்தில் நானும் அவளும் மாவட்ட அணியில் ஒன்றாக ஆடியவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டாள். பாவம், அவளுக்கு உடம்பு தாங்கவில்லை.

"ஏட்டி, எங்கிட்ட சகாயராணி இருக்கா. அருமையான செண்டர் ஹாஃப். வச்சுக்கிடுதியா?" என்றாள் எடுத்ததும்.

"நடுவுக்கு எனக்கு ஆள் வேண்டாம். கோல் போட ஒருத்திய குடு."

எஸ்தர் பேச்சை மாற்றிக்கொண்டாள்.

"சரி. பிரிஸ்கில்லாவ எடுத்துக்க. பதிலுக்கு உன் வேலுத்தாயி."

"அவளா? அவ நின்ன இடத்துல நிக்க மாட்டாளே."

"அது என் பாடு. நீ குடு."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பிரிஸ்கில்லா போன வருஷம் லீக்கிலேயே அதிக கோல் போட்டவள். இவள் பேச்சுக் கேட்காதவள். ஆனாலும் கையில் வேலை ஓடவில்லை. கரும்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

வேலுத்தாய் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் சொன்னேன். வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ் பொங்கலுக்கு லீவு, அந்த அம்மா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "பெரிய டீமுங்களா? நல்லதுதான் டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான்.

வேலுத்தாய் உள்ளேயிருந்து வரவில்லை. கிளம்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து, "என்னைக்கு அக்கா போகணும்?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை என்றேன். அங்கே எஸ்தர் வீட்டு மாடி அறையில் நாலு பெண்கள் தங்கியிருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் குறை வைக்கமாட்டாள் என்றும் சொன்னேன். 

அழுதாளோ என்னவோ. இதில் அழ என்ன இருக்கிறது. பாளையங்கோட்டை பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர்.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெயித்தோம். இரண்டுக்கு ஒன்று.

இரண்டு கோலும் பிரிஸ்கில்லா. வந்து ஒருநாள்கூட ஆகவில்லை. பெனால்டி கார்னரில் ஒன்று, எதிரணிப் பெண் தவறவிட்ட பந்தைப் பொறுக்கி இன்னொன்று. அண்ணாச்சி மைதானத்துக்குள்ளேயே கடலை மிட்டாய்ப் பெட்டியை உடைத்துவிட்டார். "பாத்தியா, சம்பந்தம்னா இப்படி இருக்கணும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இவர் மட்டும் வேனில் சாய்ந்து நின்றபடி, "ரெண்டுமே நீங்க ஆக்குன கோல் இல்லையே புஷ்பம். கெடச்ச கோல்தான" என்றார். சந்தோஷப்படத் தெரியாத மனுஷன்.

முழங்கால் நன்றாக இருக்கிறது. மாடிப்படியை மட்டும் பக்கவாட்டில் இறங்கினேன்.

ஜனவரி 22, புதன்

சுகிர்தா என்று ஒரு குட்டி இருக்கிறாள், பதினாறு வயது, இடதுபக்கம் ஆடுகிறவள். பயிற்சி முடிந்து சாந்தியிடம், "வேலு அக்கா இருந்தா எனக்கு ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பா. இப்ப யாரு எங்க வாரான்னே தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் இரண்டு பேரும் ஷூ கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சொல்வதற்கு நான் இல்லையா? நானும்தான் கத்துகிறேன். மூச்சு வாங்கும்போது கொஞ்சம் கேட்டிருக்காது.

ஜனவரி 26, ஞாயிறு

பொருநையுடன் மாட்ச். பூஜ்யம், ஐந்து.

எழுத வேண்டாம் என்று விளக்கை அணைத்தேன். தூக்கம் வரவில்லை, மறுபடி போட்டுவிட்டேன். இவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

எஸ்தர் வேலுத்தாயை நடுவில் நிறுத்தியிருந்தாள். செண்டர் ஹாஃப். எனக்கு நேர் எதிரே. விசில் ஊதுமுன் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், தள்ளிப் போ என்றேன். அதற்குப் பிறகு மைதானத்தில் அவளை எட்டத்தில்தான் பார்த்தேன். வலதுபக்கம் காட்டிவிட்டு இடதுபக்கம் போவாள். எனக்குத் தெரியும், அந்த ஏமாற்று வேலை நான் கண்டுபிடித்தது. தெரிந்து என்ன, திரும்புவதற்குள் அவள் போய்விடுகிறாள்.

ஐந்தில் மூன்று அவள் கொடுத்த பந்து. மூன்றாவதுக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து, "அக்கா, அடிபட்டுச்சா?" என்று கேட்டாள். நான் கீழே விழுந்திருந்தேன். வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூஜ்யம், பூஜ்யம். ஒரு பாயிண்ட். கடைசி இடத்திலிருந்து நகரவில்லை. ஒன்பதாவது இடத்திலிருக்கும் அணியோடுதான் அடுத்த ஞாயிறு கடைசி மாட்ச். அதில் ஜெயித்தால் தப்பிப்போம், வேறு வழி இல்லை.

பிரிஸ்கில்லா மாட்ச் முழுக்க இடுப்பில் கைவைத்து நின்றாள். என்ன இது, பூங்காவா என்று கேட்டேன். நல்ல பெண்தான், முகத்துக்கு நேரே பேசுகிறவள்.

"என்ன செய்யச் சொல்லுதீய? எனக்குப் பந்தே வரமாட்டேங்கே. நடுவுல இருந்து ஒண்ணுகூட வரல."

"பக்கத்துல இருந்து வாங்கு."

"அங்க இப்ப வேலுத்தாயி நடுவுல ஆடுதா. நான் அங்க இருந்திருந்தா எனக்கு எவ்வளவு பந்து..." என்றவள் நிறுத்திவிட்டாள்.

பெண்கள் எல்லோரும் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை தூக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பிரிஸ்கில்லா போய்விட்டாள். காலையில், தங்கியிருந்த சாந்தி வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். எனக்கு ஒரு மெசேஜ்: மன்னிச்சிருங்க அக்கா, அங்க ஆடணும் போல இருக்கு.

அண்ணாச்சிதான் முதலில் சொன்னார், "அப்ப நம்ம பொண்ணும் திரும்பி வரணும்லா?"

ஆமாம். வரணும். எஸ்தருக்கு போன் போட்டேன். பழைய அணிக்குத் திரும்ப மாதக் கெடு கிடையாது, ஆனால் விதிப்படி சீசன் முடிய அவள் வேலுத்தாயை விட வேண்டியதில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் மறுக்கவில்லை.

"சனிக்கிழமை நானே கொண்டாந்து விடுதேன். பேச்சு பேச்சுதான். ஆனா புஷ்பம், ஒண்ணு கேக்கேன். குடுக்கையிலயும் நாமதான் பேசுனோம், எடுக்கையிலயும் நாமதான் பேசுதோம். அந்தப் புள்ளகிட்ட யாராவது கேட்டமா?"

உனக்கென்ன, ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து பேசலாம் என்றேன். வாய்க்கு வந்தது அதுதான். போனை வைத்த பிறகு அன்றைக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல் ஞாபகம் வந்தது. என்னைக்கு அக்கா போகணும். போகணுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்க இடம் வைக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஆபீஸில் தூத்துக்குடி சரக்குக்கு மதுரை பில் போட்டுவிட்டேன். முதலாளி கூப்பிட்டு, உடம்புக்கு முடியலையா என்றார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வேலுத்தாய் வந்தால் வலது பக்கம் நிற்கட்டும். நான் நடுவில். ஒரே ஒரு மாட்ச்தானே. இல்லையென்றால் அவள் இடதுபக்கம், சுகிர்தா வலதுபக்கம். இல்லையென்றால் அவளை முன்னால் போடலாம். தாளில் பதினோரு வட்டம் போட்டு அவளை எங்கெல்லாமோ நகர்த்திப் பார்த்தேன். நடுவட்டத்தைத் தவிர.

காபி கொண்டுவந்த இவர் எட்டிப் பார்த்தார்.  டம்ளரைச் சரியாக அந்த நடுவட்டத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 8, சனி

சாயங்காலப் பயிற்சியின் நடுவில் எஸ்தரும் வேலுத்தாயும் வந்தார்கள். பெண்கள் எல்லாம் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மைதான கேட் பக்கத்திலேயே நின்றாள்.

நான் போய் முன்னால் நின்றேன். என்னவோ நான் தப்புச் செய்துவிட்டு ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்பது மாதிரி இருந்தது.

"வேலு, பேச்சுப்படி நீ வரணும். ஆனா உங்கிட்ட கேக்காம அனுப்பிட்டேன். இப்பக் கேக்கேன். உனக்கு எங்க இருக்கணும்?"

அவள் எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் வேண்டுமென்றே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்தா நான் எங்க அக்கா ஆடுவேன்?"

பதினோரு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வலதுபக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதுதான்.

"நடுவுல," என்றேன்.

"அப்ப நீங்க?"

"நான் வெளிய. எனக்குக் கத்துறதுக்கு வாய் இருக்கு, போதும்."

யாரோ பின்னால் மூச்சை இழுத்தது கேட்டது. சுகிர்தாவாக இருக்கும். வேலுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. சரி, வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கொடுத்த பிறகு வராமல் என்ன.

"போன மாசம் இதச் சொல்லியிருந்தீங்கன்னா நான் போயே இருக்க மாட்டேன் அக்கா," என்றாள். "இப்ப அங்க என்னைய நம்பி ஒரு டீமு இருக்கு. நாளைக்கு எங்களுக்கும் மாட்ச். நான் அங்கயே இருக்கேன் அக்கா. கோவிச்சுக்கிடாதீங்க."

எங்களுக்கு என்றாள். அதுதான் குத்தியது. எஸ்தர் என் கையைப் பிடிக்க வந்தாள், நான் விசிலைத் தேடுகிற மாதிரி கையை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஆறரை பஸ்ஸில் போனார்கள். பொண்ணும் போச்சு, எடுத்த பொண்ணும் போச்சு. இந்த லீக்கில் முதல்முறையாகப் பேச்சை உடைத்தது நாங்கள்தான், அதுவும் என் வாயால்.

திரும்பினால் பெண்கள் அப்படியே நிற்கிறார்கள். நடுவில் நான் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வேலுத்தாய்க்காகச் சொன்னது, அவள் வரவில்லை, அதனால் பழையபடி நானே என்று சொல்லலாம். ஒருத்தியும் எதிர்த்துக் கேட்க மாட்டாள். ஆனால் சாந்தி முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக என்னைத் தாண்டி வருகிறவர்களையெல்லாம் தனியாகத் தடுத்தவள் அவள்தான், அவளைத்தான் நான் நின்றபடியே தூங்குகிறாள் என்று எழுதினேன்.

"சுகிர்தா, நடுவுக்கு வாட்டி," என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. டிரா. இரண்டாம் பிரிவு.

ஸ்டிக் இல்லாமல் மைதானத்துக்குப் போனேன். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சுகிர்தாவைத் தள்ளிவிட்டு நடுவழியாக வந்து கோல் போட்டுவிட்டார்கள். அவள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இறங்கிவிடலாம் என்று காலே எழுந்துவிட்டது, இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு இன்னும் இரண்டு முறை அதே வழியில் வந்தார்கள். முதல் தடவை அவள் தடுமாறினாள், அடுத்த தடவை நிறுத்திவிட்டாள். நிறுத்தி, தலை தூக்கிப் பார்த்து, முன்னால் கொடுத்தாள். அந்தப் பந்தில்தான் கோல் விழுந்தது. இந்த சீசனில் நடுவிலிருந்து போன பந்தில் விழுந்த ஒரே கோல்.

மீதி நேரம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன். இன்னொரு கோல் வரவில்லை. முடிந்ததும் சின்னதுகள் எல்லாம் உட்கார்ந்து அழுதன. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

அண்ணாச்சி மிட்டாய்ப் பெட்டியைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு வந்தார். "அடுத்த வருசம் யாரக் குடுத்து யார எடுக்கலாம், புஷ்பம்?"

"யாரையும் குடுக்கல, யாரையும் எடுக்கல அண்ணாச்சி. மண் தரையில ஆடுறதுக்கு நல்ல ஷூ மட்டும் வாங்கிக் குடுங்க."

ஏழு மணிக்கு வேலுத்தாய் போன் பண்ணினாள். அவர்கள் ஜெயித்துவிட்டார்களாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டாள், நான்தான் கேட்டு வாங்கினேன்.

"உங்களுக்கு நடுவுல யாரு ஆடுனா அக்கா?"

"சுகிர்தா."

"நல்லா ஆடுனாளா?"

"வேகம் பத்தாது. ரெண்டு வருசம் ஆகும்." சொன்ன பிறகுதான் அது இவர் சொன்ன கணக்கு என்று உறைத்தது.

பிறகு, கிளப்பில் இத்தனை நாள் ஒருத்தியும் கேட்காததைக் கேட்டாள்.

"முழங்கால் எப்படி அக்கா இருக்கு?"

தரையில் தண்ணீர் தெளிக்கவில்லை என்று சொல்ல வந்தேன். இன்றைக்கு நான் தரையில் இறங்கவே இல்லை.

"வலிக்குது வேலு," என்றேன். "ரொம்ப நாளா வலிக்குது."